சீல் வைத்ததை மட்டும் நம்பிய சம்மந்தி

என் சம்மந்தி தட்சிணாமூர்த்தி சிதம்பரத்தில் ஓர் அரிசி மண்டியில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். துவரம்பருப்பில் கேசரிப்பருப்பு, மிளகில் பப்பாளி விதை, அரிசியில் சல்லிக்கல் என்று எதில் எதைப் போட்டால் வாங்குகிறவனுக்குத் தெரியாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. முதலாளி சொன்னார், இவர் கலந்தார். வேலையை விட்ட மறுநாளிலிருந்து, மூட்டையில் திறந்து கிடக்கிற எதையும் அவர் வாயில் வைப்பதில்லை. உலகத்தில் எல்லாரும் தன்னைப் போலத்தான் இருப்பார்கள் என்று அப்படி ஒரு நம்பிக்கை. சீல் வைத்த பாக்கெட் என்றால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவார்.

கண்ணை மூடினாலும் திறந்தாலும் அவருக்கு ஒன்றுதான். இரண்டு கண்ணிலும் புரை.

2010 சித்திரையில், கடலூரில் என் வீட்டில், என் மகள் ஸ்ரீமதிக்கும் அவர் மகன் பாலகுமாருக்கும் பையன் பிறந்தான். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன், தள்ளுவண்டியில் காய் விற்கிறவன். ஆனால் பேரனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வண்டியில் கத்திரிக்காய் வதங்குவதுகூடத் தெரியாது. சம்மந்தி சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து, பிள்ளையைத் தூக்கி மூக்கோடு மூக்கு வைத்துப் பார்ப்பார். ஒன்றும் தெரியாது.

"யாரு ஜாடை சம்மந்தி?"

"என் ஜாடைதான்" என்று வாரம் தவறாமல் சொல்லி வந்தேன்.

ஆறாம் மாதம் திருவதிகை கோயிலில் பிள்ளைக்குச் சோறு ஊட்ட வேண்டும். முதல் வாய் அப்பனைப் பெற்றவர் ஊட்டுவது அவர்கள் வீட்டு வழக்கம். மூன்றாம் மாதமே அந்தப் பேச்சு வந்தபோது, பாலகுமார் நேராகவே சொல்லிவிட்டான்.

"அப்பா, ஒனக்குக் கண்ணு தெரியல. சோத்தக் கொண்டுபோய் மூக்குல வெச்சிடுவ. மாமா ஊட்டட்டும்."

சம்மந்தி முகம் செத்துப்போனது. உண்மையைச் சொன்னால், என் முகம் மலர்ந்தது.

மறுநாளே கண் டாக்டரிடம் ஓடினார். சர்க்கரை இருநூற்று எண்பத்தாறு. "நூத்தைம்பதுக்குக் கீழ எறங்காம ஆபரேஷன் கெடையாது. மாத்திரைய ஒழுங்காப் போடுங்க. தானியம், காய், கீரைன்னு சாப்பிடுங்க. பாக்கெட் அயிட்டம் எல்லாம் நிறுத்துங்க" என்றார் டாக்டர்.

தானியம் என்ற வார்த்தையோடு சம்மந்தி காது அடைத்துக்கொண்டது. கேழ்வரகுக் கதிர் படம் போட்ட பிஸ்கெட், ஒன்பது தானியம் என்று எழுதிய சத்துமாவு, மசாலா ஓட்ஸ் என்று பை நிறைய வாங்கி, ஒரு மாதம் பக்தியோடு சாப்பிட்டார். மறுபடி பார்த்தால் முந்நூற்றுப் பன்னிரண்டு.

"கேவுரு பிஸ்கெட்டுதான சம்மந்தி துன்னேன்?"

"கேவுரு அட்டையில இருக்குது. உள்ள மைதாவும் சக்கரையும்தான்."

"சீல் வெச்சிருந்தாங்களே!"

"சக்கரைக்கு சீல் வெச்சா அது சக்கரை இல்லன்னு ஆயிடுமா?"

என் வீட்டுக்காரி இருசம்மாள் குறுக்கே வந்தாள். "அண்ணே, இங்கயே தங்குங்க. நான் களி கிண்டித் தரேன்."

"வேணாம்மா. கடையில அளந்து போடுற கேவுருல என்னா என்னா இருக்கும்னு எனக்குல்ல தெரியும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு படி கேழ்வரகை முறத்தில் கொட்டி அவர் முன்னால் வைத்தேன். "முப்பது வருஷம் கலந்தீங்கள்ல? இப்ப பொறுக்குங்க."

குருட்டு மனுஷன் தடுமாறுவார் என்று பார்த்தேன். கையை உள்ளே விட்டார். விரல் ஐந்தும் தனித்தனியாக வேலை செய்தன. கல் ஒரு பக்கம், மண்கட்டி ஒரு பக்கம்.

"செம்மண்ணு. காடாம்புலியூர்ப் பக்கம் களத்துல அடிச்சது. கலப்படம் இல்ல, சரியாப் பொடைக்கல, அவ்ளோதான்" என்றார். அப்படியே கையை நீட்டி என் வண்டிக் கீரைக்கட்டு ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "தண்ணி அடிச்சிருக்கீங்க சம்மந்தி. கட்டுக்கு அம்பது கிராம் ஜாஸ்தி."

இருசம்மாள் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அன்றிலிருந்து தன் கையால் பொறுக்கியதைத்தான் சாப்பிட்டார். காலையில் கம்பங்கூழ், மதியம் ஓர் உருண்டை களி, முருங்கைக்கீரை, அவரைக்காய். என் வண்டிக்காய் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து, எனக்கு ஒரு திட்டு கொடுத்த பிறகுதான் அடுப்புக்கு அனுப்புவார். நாற்பது நாள் என் வீட்டில் நான்தான் விருந்தாளி மாதிரி ஒடுங்கிக் கிடந்தேன். சர்க்கரை இறங்காவிட்டால் முதல் வாய் எனக்கு என்ற நினைப்பும் போகவில்லை. அவர் களியில் ஒரு கரண்டி வெல்லப்பாகு ஊற்றலாமா என்றுகூட ஒரு நாள் தோன்றியது. ஊற்றவில்லை. நல்லவன் என்பதால் இல்லை. அவர் விரல் அதையும் கண்டுபிடித்திருக்கும்.

நாற்பத்தோராம் நாள் நூற்று நாற்பத்திரண்டு. முதலில் வலது கண்ணில் ஆபரேஷன் ஆனது. திருவதிகைக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். பிள்ளையை மடியில் வாங்கி, கண்ணாடியைக் கழற்றி, ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்கப்பன் ஜாடை சம்மந்தி. ஆறு மாசமா எங்கிட்ட என்னா புளுகு புளுகினீங்க!"

நெய்ச்சோற்றில் ஒரு துளி எடுத்துச் சரியாக வாயில் வைத்தார். பையன் சப்புக் கொட்டினான். இன்னொரு துளி வைத்தார். அடுத்தது என் முறை. மூன்றாவது துளியையும் அவரே எடுப்பதைப் பார்த்துவிட்டு, நான் கையை நீட்டினேன்.

"இருங்க சம்மந்தி. நீங்க ஆறு மாசம் பாத்தீங்க, நான் இப்பதான பாக்குறேன்" என்றார்.