வில்பிரட் அத்தானின் இடது கை

காலை ஐந்தே காலுக்கு ஷீலா அக்காவிடமிருந்து போன் வந்தது. "அத்தான் எழுந்திரிக்கல தம்பி" என்றாள். அவர் ஏழு மணிக்கு முன்னால் என்றைக்குமே எழுந்ததில்லை. பாதித் தூக்கத்தில் நான், "தூங்கட்டுமேக்கா" என்று சொல்லிவிட்டேன். "உடம்பு சில்லுன்னு இருக்கு தம்பி" என்றாள் அக்கா. அப்புறம்தான் எனக்குப் புரிந்தது.

அக்காவின் கணவர் வில்பிரட் கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பம்மலில் சொந்த வீடு. திருத்துவதற்குப் பேப்பர் இல்லாமல் போனதும் குத்துச்சண்டை வீரர்களைத் திருத்த ஆரம்பித்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்தால் டிவியில் யூடியூபைப் போட்டுப் பழைய பந்தயங்களை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். ஜெயித்தவன் எப்படி ஜெயித்தான் என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. எங்கே தப்பு செய்தான் என்பதுதான் கேள்வி.

முகமது அலிக்கு அவர் கொடுத்தது நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. அடி வரும்போது அலி தலையை நேராகப் பின்னால் இழுக்கிறார், கை இடுப்பருகே தொங்குகிறது என்று நாலு மார்க் போய்விட்டது. ஃப்ரேசியரின் இடது கையிடம் வாங்கி அலி கீழே விழுந்த காட்சியை எனக்குப் பலமுறை போட்டுக் காட்டி, "நான் சொன்னேன்ல மச்சான்" என்பார், ஏதோ அந்தப் பந்தயத்துக்கு முன்பே நியூயார்க்குக்கு ஆள் அனுப்பி எச்சரித்தவர் மாதிரி. அலிக்கு முந்தைய காலத்துச் சாம்பியன் ஜோ லூயிஸ் இன்னும் மோசம். இடது கையால் குத்திவிட்டு அதை உடனே மேலே கொண்டுவராமல் தாழ விட்டுவிடுவார். ஒரு ஜெர்மன்காரர் அதைக் கவனித்து வைத்திருந்து வீழ்த்தினார். இதைச் சொல்லும்போது அத்தானின் குரலில், பொட்டாசியத்தைத் தண்ணீரில் போடாதே என்று சொல்லியும் போட்ட பையனைப் பற்றிப் பேசுகிற வருத்தம் இருக்கும்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரியாணிக் கடை மாடியில் ஜெயவேலு பாக்ஸிங் ஜிம் நடத்துகிறான். அத்தான் சாயந்தரமானால் அங்கே போய்விடுவார். ரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பக்கம் கைப்பிடி உடைந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். அதில் உட்கார்ந்து, பயிற்சி செய்கிறவர்கள் எல்லோருக்கும் மார்க் போடுவார். யாருக்கும் நாற்பதைத் தாண்டியதில்லை. ஜெயவேலு மாநில அளவில் ஆடியவன். அவனுக்கே முப்பத்தெட்டுதான்.

ஒருநாள் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா சார், குந்திகினே பேசிகினு கீற. ஒரே ஒரு ரவுண்டு என்னாண்ட நில்லு. நின்னுட்டா சேர் உன்து. வுழுந்தா சேர் என்து."

அத்தான் ஒப்புக்கொண்டார். அந்த நாற்காலி இல்லாவிட்டால் சாயந்தரம் என்கிற ஒன்றே தனக்கு இல்லை என்று அன்று ராத்திரி அக்காவிடம் சொன்னாராம். அக்கா, வாசலில் வேறு நாற்காலி போட்டுத் தருகிறேன் என்றிருக்கிறாள்.

மூன்று மாதம் வீட்டிலேயே பயிற்சி. பீரோ கண்ணாடி முன்னால், லுங்கி கட்டிக்கொண்டு, கையில் குளிர்காலத்துக் கம்பளி உறைகளுடன். கை இறங்கவே கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குத்துவார்.

பந்தயத்தன்று நானும் போயிருந்தேன். அத்தான் ட்ராக் பேன்ட்டும் பனியனுமாக ஏறினார். ஜெயவேலு சாருக்கு அடிபடக் கூடாது என்று தள்ளித் தள்ளியே ஆடினான். அத்தான் இடது கையால் ஒரு குத்து விட்டார், நன்றாகவே விட்டார். விட்ட கை முகத்துக்குத் திரும்பவில்லை. நேராக இடுப்புக்குப் போய் எதையோ தேடியது. க்ளவுஸ் போட்ட கையால் எதையும் பிடிக்க முடியாமல் அங்கேயே தடவிக்கொண்டு நின்றது. அடுத்த குத்து, கை மறுபடி இடுப்புக்கு. ஜெயவேலு தாடையில் லேசாகத் தொட்டான். அத்தான் உட்கார்ந்துவிட்டார்.

நாற்காலி பரணுக்குப் போனது.

இரண்டு நாள் அத்தான் ஜோ லூயிஸ் பந்தயத்தையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். ஜோ லூயிஸுக்கு வந்த வியாதி தனக்கும் வந்திருக்கிறது, ஆனால் காரணம் தெரியவில்லை என்று மூன்றாம் நாள் எனக்குப் போன் செய்தார். பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"மூணு மாசம் லுங்கியில குத்தினீங்க. ஒவ்வொரு குத்துக்கும் அது நழுவும், நீங்க இடது கையால பிடிப்பீங்க. கை அதைத்தான் கத்துக்கிச்சு."

போனில் துணி சரசரக்கிற சத்தம் கேட்டது. பிறகு அத்தான், "உங்க அக்காவுக்கு நூறு" என்றார். அவர் யாருக்கும் நூறு போட்டு நான் கேட்டதில்லை.

மறு பந்தயம் கேட்டார். அதுவரை தினமும் ஜிம்முக்குப் போய், நாற்காலி இருந்த இடத்தில் நின்றுகொண்டே இருந்தார், வாயைத் திறக்காமல். ஜெயவேலுவுக்கு இது இன்னும் பேஜாராகப் போயிற்று. மார்க் போட்டாலாவது சண்டை போடலாம், சும்மா நின்று பார்த்தால் எவனுக்கும் கை ஓடவில்லை என்றான். சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அத்தான் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு நீல நிற அரை டிராயர் வாங்கி வந்தார். இடுப்பு எலாஸ்டிக் தளர்வாக இருந்ததால், நாடா கோத்து இறுக்கிக் கட்டிவிட்டால் கைக்கு இடுப்பு ஞாபகமே வராது என்பது அவருடைய திட்டம். அக்கா கோத்துத் தர மறுத்துவிட்டாள். இந்த வயசில் அடிபட ஒத்தாசை செய்ய முடியாது என்றாள். புதன்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு அவரே ஊக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வியாழக்கிழமை காலையில்தான் எனக்கு அந்தப் போன் வந்தது.

அடக்கத்துக்கு முன்னால் வீட்டில் நடந்த ஆராதனையில், சர்ச் ஆயர் பிரசங்கத்தின் முக்கியமான இடத்துக்கு வரும்போதெல்லாம் ஒரு கணம் முன்னதாகவே அவருடைய வலது கை மேலே போனது. ஆயர் அடிக்கப்போவதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறார், ஐம்பத்திரண்டு என்று அத்தான் சொல்லியிருப்பார். நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்க ரொம்பச் சிரமப்பட்டோம்.

ஜெயவேலு தாமதமாக வந்தான். தலைக்கு மேலே அந்தச் சிவப்பு நாற்காலி. வாடகை நாற்காலிகளின் வரிசையில் அதைப் போட்டுவிட்டு என்னிடம் வந்தான்.

"அன்னிக்கு மொத குத்து மூக்குலயே வுட்டாரு சார். ரெண்டு நாளு வலிச்சிச்சு. யார்கிட்டயும் சொல்லல. சேர் அவருதுதான்."

குன்றத்தூரிலிருந்து வந்திருந்த தபீதாள் சித்தி அதில் உட்காரப் போனார். கைப்பிடி உடைந்திருப்பதைப் பார்த்து வேறு நாற்காலிக்கு நகர்ந்தார்.

இன்று எல்லோரும் போன பிறகு, அவர் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த அந்த நீல டிராயரை எடுத்துப் பார்த்தேன். நாடா பாதி இடுப்பு வரைக்கும்தான் போயிருக்கிறது. ஊக்கு பின்பக்கத் தையலருகே துணிக்குள்ளேயே இருக்கிறது.