அதே வீடு, அதே கேள்வி

அந்தத் தெருவில் அவளுக்கு ‘வேலையிருக்கா அக்கா’ என்று பெயர். புள்ளியியல் அலுவலகத்தில் கணக்கெடுப்பாளர். காலாண்டுக்கு ஒருமுறை அதே வீடுகளின் கதவைத் தட்டி, யாருக்கெல்லாம் வேலை இருக்கிறது என்று கேட்பாள். அதே ஆட்களைத் தொடர்ந்து பார்த்தால்தான் யாருக்கு வேலை போனது, யாருக்குக் கிடைத்தது என்பது பிடிபடும். அந்த முறைமேல் அவளுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

மாடி வீட்டு வெல்டர் முதல் தடவை சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். அடுத்த தடவை பட்டறையை மூடியிருந்தார்கள். “தேடிக்கிட்டிருக்கேம்மா, நாயா அலையுறேன்” என்றார். வேலையில்லாதவர் என்று பதிந்தாள்.

மூன்றாம் தடவை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

“இந்த மாசம் எங்கயாவது வேலை கேட்டீங்களா அண்ணே?”

“இல்ல.”

அப்படியே பதிந்தால் வேலையில்லாதவர் கணக்கிலிருந்தே அவர் கழன்றுவிடுவார். தேடுவதை விட்டவரை அதில் சேர்ப்பதில்லை, விதி அது. அவளுக்கு மனசு கேட்கவில்லை.

“யார்கிட்டயாவது போன்லயாச்சும் கேட்டிருப்பீங்களே?”

“எனக்காகப் பொய் எழுதாதம்மா. கேட்டுக் கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம்.”

கையிலிருந்த டேப்லெட்டில் ‘இல்லை’யைத் தொட்டாள். அந்தக் காலாண்டில் வேலையின்மை குறைந்துவிட்டதாக அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த தடவை கதவைத் திறந்தவள் அவர் மனைவி. ஆஸ்பத்திரிச் சீருடை, மேலெல்லாம் பினாயில் வாடை.

“அண்ணன் எங்க அண்ணி?”

“போயிட்டாரும்மா. அவரே முடிச்சுக்கிட்டாரு.” அழுது ஓய்ந்த குரல். “நீ கேக்க வேண்டியதக் கேளு. டூட்டிக்கு நேரமாச்சு. தரை துடைக்கிற வேலை.”

பதிந்தாள். கணவர் குடும்பத்தில் இல்லை. முன்பு வேலைக்குப் போகாத மனைவி இப்போது போகிறார். பிள்ளையில்லாத வீடு, கணக்குப்படி, இருக்கிற எல்லோருக்கும் வேலை.

பிரிவுத் தலைவர் முன்னால் போய் நின்றாள். “சார், அட்டவணையில அந்த வீடு முன்னேறின வீடா வருது.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “தெரியும்மா. வீடு மாறிப் போனவங்களுக்காவது அவங்களை மாதிரி இருக்கிறவங்கள கணக்குல ஒண்ணுக்கு ஒண்ணரையா எண்ணி ஈடுகட்டுறோம். செத்தவங்களுக்கு அதுவும் இல்ல. தேடி ஓய்ஞ்சவங்களத் தனியாக் காட்டுங்கன்னு கத்திக்கிட்டேதான் இருக்கேன். யார் காதுலயும் ஏறல.”

அந்தத் தெருவை வேறு யாருக்காவது மாற்றிவிடச் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. புது ஆள் போனால், அண்ணன் எங்கே என்று முதலிலிருந்து கேட்பாள். அந்த அண்ணியும் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும்.