ரேஸ் ரோட்டில் கொள்ளு காயப்போட்ட சுந்தராம்பாள்

சுந்தராம்பாளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. காரில் ஏறியதே ஒரு தரம்தான், அதுவும் பிரசவ வலியில். இருந்தாலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கார் ரேஸ் மைதானத்தின் சரித்திரத்தை எழுத உட்காருகிறவர் கோப்பை வாங்கியவர்களின் பேரை மட்டும் எழுதிவிட்டு இவள் பேரை விட்டுவிட்டால் அது அரைச் சரித்திரம்தான்.

மைதானம் வருவதற்கு முன்னால் அங்கே கருவேல முள்ளும் சப்பாத்திக் கள்ளியும்தான் இருந்தன. அதுவரை சோழவரத்தில், சண்டைக் காலத்து விமான ஓடுபாதையில் காரை விரட்டிக்கொண்டிருந்த பட்டணத்துக்காரர்கள், தங்களுக்கென்று சொந்தமாக ஒரு தடம் வேண்டும் என்று இந்தப் பக்கம் வந்தார்கள். ஜல்லி லாரி வந்தது, தார் வந்தது, ரோடு ரோலர் வந்தது. ஸ்ரீபெரும்புதூருக்கு ஜோராக ஒரு குறுக்கு ரோடு போடுகிறார்கள் என்று ஊரே பூரித்துப்போயிற்று. போட்டு முடித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த ரோடு எந்த ஊருக்கும் போகவில்லை. வளைந்து நெளிந்து கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தது.

ஓட வந்த கார்களும் ஒன்றும் அதிசயக் கார்கள் இல்லை. டாக்டர் வீட்டு வாசலில் நிற்கும் அதே ஃபியட், தாலுகா ஆபீசில் நிற்கும் அதே அம்பாசிடர். பின்சீட்டைப் பிடுங்கி எறிந்து, முன்விளக்கில் பிளாஸ்திரி ஒட்டி, கதவில் பெரிதாக நம்பர் எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான். முதல் பந்தயத்தை ஊர் ஜனம் தடத்தின் ஓரத்து மண் கரைமேல் உட்கார்ந்து பார்த்தது. “சுத்திச் சுத்தி இங்கியேதான வர்றானுங்க, எதுக்குடி இம்மாம் அவசரம்?” என்று சுந்தராம்பாள் பக்கத்தில் இருந்த நாத்தனார் செல்லம்மாளிடம் கேட்டாள்.

மைதானத்தால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு நல்லது நடந்தது. சுந்தராம்பாளின் புருஷன் கன்னியப்பன் அதுவரை கல் குவாரியில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தான். கல் தூசி நெஞ்சில் இறங்கி, இருமல் ஆரம்பித்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இன்னும் இரண்டு வருஷம் குவாரிக்குப் போனால் ஆளை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து மைதானத்தில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. காக்கிச் சட்டை, பகலெல்லாம் முன் கேட்டில் ஸ்டூல். மூன்றே மாதத்தில் இருமல் பாதியாகக் குறைந்தது. சுந்தராம்பாள் அந்தக் காக்கிச் சட்டையைத் துவைக்கும்போது கல்லில் ஓங்கி அடிக்கக்கூட மாட்டாள்.

ஆனால் மைதானத்துக்கு இரண்டு கேட்டு. பின் கேட்டு அவர்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரம். தண்ணி லாரி வந்தால் ஓடிப்போய்த் திறக்க வசதியாக அதன் சாவி வீட்டு ஆணியில் தொங்கியது. வினை அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர்களுடைய மேட்டு நிலத்தில் கொள்ளு அறுவடை முடிந்த சமயம். செடியோடு பிடுங்கிய கொள்ளைத் தார் ரோட்டில் பரப்பிவிட்டால், போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி இறங்கி மணியை உதிர்த்துவிடும். அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் ரோட்டில் இடம் பிடிக்க அடிதடி, டிரைவர்களிடம் வசவு, போதாக்குறைக்கு ஒரு பஸ் போனால் அடுத்த பஸ் எப்போது வரும் என்று வழி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுந்தராம்பாள் யோசித்தாள். ரேஸ் ரோட்டில் போன வண்டியே திரும்பத் திரும்ப வருகிறது. நிற்பதில்லை, திட்டுவதில்லை, ஹாரன்கூட அடிப்பதில்லை. கொள்ளு அடிப்பதற்கென்றே கட்டிய ரோடு இது, இத்தனை நாளாக யாருக்கும் தோன்றவில்லையே என்று ஊர்க்காரர்களின் மூளையை நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம், சனிக்கிழமை காலையில் ஒத்திகை ஓட்டம். கன்னியப்பன் டூட்டிக்குக் கிளம்பியதும் ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்ப் பின்பக்கத்து வளைவில் அழகாகப் பரப்பினாள். முறத்தையும் கோணியையும் வைத்துக்கொண்டு கரைமேல் ஏறி உட்கார்ந்தாள். வெற்றிலை போட்டுக்கொண்டதாகவும் கேள்வி.

முதல் ஃபியட் வந்தது. கொள்ளின்மேல் ஏறியது. அடுத்த கணம் கார் பின்பக்கம் முன்னால் வரச் சுழன்று திரும்பி, இன்னொரு சுற்றும் சுற்றி, ஓரத்து மணலில் பாதி புதைந்து நின்றது. சுந்தராம்பாளுக்கு உயிரே போய்விட்டது. முறம் ஒரு பக்கம், கோணி ஒரு பக்கம். “ஐயோ, யாரு பெத்த புள்ளயோ!” என்று கத்திக்கொண்டே கரையிலிருந்து விழுந்தடித்து ஓடினாள். கதவைத் திறந்துகொண்டு ஒரு பட்டணத்துப் பையன் இறங்கினான். கீறல்கூட இல்லை. சக்கரம் முழுக்கக் கொள்ளுக்கொடி சுற்றியிருந்ததை எட்டிப் பார்த்தான். அவளைப் பார்த்தான். “இது என்னம்மா?” என்றான். அவள் அவன் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதாள்.

மைதானப் பொறுப்பாளர் வில்சன் ஜீப்பில் பறந்து வந்தார். முன் கேட்டிலிருந்து கன்னியப்பனும் இரைக்க இரைக்க ஓடிவந்தான். கொள்ளைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், திறந்து கிடந்த கேட்டைப் பார்த்தான். யாரும் சொல்லாமலே அவனுக்குப் புரிந்துவிட்டது.

“யார் வேலை இது?” என்று வில்சன் கத்தினார்.

“நான்தான் சார் கொட்டனேன்” என்றான் கன்னியப்பன். “புத்தி கெட்டுப்போச்சி சார்.”

“நாளைக்கு ரேஸ் முடிஞ்சதும் சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுப் போயிடு.”

சட்டையைக் கழற்றினால் குவாரிதான், குவாரிக்குப் போனால் அவன் இல்லை. சுந்தராம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

“பொய் சொல்றாரு சார். இவுருக்கு ஒண்ணுமே தெரியாது. சாவி எடுத்தது நானு, கொட்டனது நானு.”

“நீ சும்மா இரும்மே” என்றான் கன்னியப்பன்.

“நீ சும்மா இருய்யா! காலைல இருந்து முன்னாண்ட கேட்டுல குந்தினு இருந்த ஆளு, எப்பிடிய்யா இங்க வந்து கொட்டுவ?”

வில்சன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “சாவி இந்தம்மா கையில, சட்டை உன் மேல. இதுல யாருய்யா வாட்ச்மேன்?” என்று தலையில் அடித்துக்கொண்டார். “இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஒரு கொள்ளு மணி இல்லாம ரோடு சுத்தமாகணும். மத்ததை அப்புறம் பேசிக்கலாம்.”

சுந்தராம்பாள் ஊருக்குள் ஓடினாள். செல்லம்மாள் தலைமையில் ஒரு பட்டாளமே விளக்குமாற்றோடு வந்தது. வந்தவர்கள் வாயும் சும்மா இருக்கவில்லை. அவளைக் கிண்டல் அடித்தே தீர்த்துவிட்டார்கள். தார் இடுக்கில் சிக்கிய மணியைக் குச்சியால் நோண்டி எடுத்தார்கள். பெருக்கி அள்ளிய கொள்ளில் மணலும் டயர் கரியும் கலந்து ஒரே நாற்றம். வீட்டு மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு போக விளைச்சல் அப்படியே போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. திங்கட்கிழமை வில்சன் இரண்டு பேரையும் கூப்பிட்டனுப்பினார்.

சுந்தராம்பாள் முந்திக்கொண்டாள். “சார், இவுர குவாரிக்கு மட்டும் அனுப்பாதீங்க. நெஞ்சு சரியில்ல. இவுருக்குப் பதிலா என்னப் போட்டுக்கங்க. நான் நிக்கிறேன் கேட்டுல.”

“உன்னையா? நாளைக்கு ஊர்ல அத்தனை பேரும் கொள்ளுக் கட்டைத் தூக்கிக்கிட்டு வருவாங்க. தடுப்பியா?”

“என் கொள்ளே போச்சி. இன்னொருத்தி கொள்ளு உள்ள வர வுட்டுடுவனா?”

வில்சன் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அதைவிட நம்பகமான ஜாமீன் அவருக்கு எங்கே கிடைக்கும்? இப்படியாகக் காக்கிச் சட்டை சேலைக்கு மேல் ஏறியது. கன்னியப்பன் மாட்டைப் பார்த்துக்கொண்டு, சமைத்து, மத்தியானச் சோறு எடுத்துக்கொண்டு போனான். ஊர் கொஞ்ச நாள் கேலி பேசியது. பிறகு உளுந்து அறுப்பு வந்துவிட்டது, ஊருக்கு வேறு வேலை கிடைத்தது. செல்லம்மாள் உளுந்துக் கட்டோடு கேட்டுக்கு வந்து, வந்த வேகத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினாள்.

அன்று மத்தியானம் கன்னியப்பன் தூக்குச் சட்டியைக் கம்பி வழியாக நீட்டினான். இத்தனை நாளாக மனதில் கிடந்ததை அவள் கேட்டேவிட்டாள்.

“அன்னிக்கி எதுக்குய்யா பொய் சொன்ன? குவாரிக்குப் போனா செத்துடுவன்னு உனக்கே தெரியுமில்ல?”

கன்னியப்பன் மாட்டை ஓட்டுவது போலக் கையை வீசினான். “எனக்குத் திட்டு வாங்கறது பழக்கம். அத்தினி ஆம்பிளைங்க முன்னால நீ நின்னு அழுதுகினு இருந்த. எனக்குப் பாக்க முடியல.”

இருபது வருஷத்துக் குடித்தனத்தில் அவன் அவளிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. வெளியாளை உள்ளே விடக்கூடாது என்பது சட்டம். அவள் வெளியே வந்து, கேட்டைப் பூட்டி, பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தூக்கைத் திறந்து முதல் உருண்டையை அவன் கையில் வைத்தாள்.