ஆட்டமிழக்காமல் வெளியே வந்த பெரியப்பா

பிள்ளைகளே, உங்கள் பெரியப்பா பருத்தித்துறையில் எங்கள் வீட்டு மூத்த மகனாகப் பிறந்தார். நான் கடைசி. எட்டாம் வகுப்போடு நான் நின்றுவிட்டேன். அவரோ இங்கிலாந்து சென்று ஆசிரியராகி, ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தார். கோடை விடுமுறையில் அந்தக் கவுண்டி அணிக்குக் கிரிக்கெட் ஆடினார். கவுண்டி என்றால் நம்முடைய மாவட்டம் மாதிரி. அது சின்னக் கவுண்டி, சம்பளம் கிடையாது. மட்டையும் சப்பாத்தும் சொந்தக் காசு.

எங்கள் குடும்பத்தில் இது பெரிய பகிடி. ஒருமுறை அவர் ஊருக்கு வந்திருந்தபோது மாமா எல்லோர் முன்னாலும் கேட்டார்.

“என்ன மருமோன், காசும் இல்லாமல் வெள்ளைக்காரனுக்குப் பந்து பொறுக்கிறீராம்?”

“பொறுக்கிறேல்லை மாமா, அடிக்கிறனான். பொறுக்கிறது அவங்கள்.”

தன் ஆட்டத்தில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. சம்பளம் கொடுக்கும் பெரிய கவுண்டி ஒன்றில் ஆடவேண்டும் என்பதே அவருடைய ஆசை.

அந்த ஆசை கைக்கெட்ட இருந்த நாளில்தான் நான் லண்டன் விமான நிலையத்தில் போய் இறங்கினேன். நாட்டுப் பிரச்சினையால் ஓடிவந்த எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பப்போவதாகச் சொல்லி ஓர் அறையில் இருத்திவிட்டார்கள். பெரியப்பாவின் வீட்டுத் தொலைபேசி நம்பரைக் கொடுத்தேன். பெரியம்மா செய்தியை மைதானத்துக்கு அறிவித்தார்.

அங்கே பெரிய கவுண்டியின் தேர்வாளர்கள் அவருடைய ஆட்டத்தைப் பார்க்கவென்றே வந்திருந்தார்கள். எழுபது ஓட்டங்களைத் தாண்டி ஆடிக்கொண்டிருந்தவர், தேநீர் இடைவேளையில் விஷயத்தைக் கேட்டதும் மட்டையை வைத்துவிட்டுப் புறப்பட்டார். அவருடைய அணியின் விக்கெட் காப்பாளர் தொழிலால் வழக்கறிஞர். முன்னரே ஆட்டமிழந்திருந்த அவரும் கூடவே காரில் ஏறினார். உடுப்பு மாற்ற நேரமில்லை.

கதவு திறந்தது. வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சேட்டோடு இரண்டு பேர். என்னைப் பரிசோதிக்க வந்த டாக்குத்தர்மார் என்று நினைத்து, எழுந்து நின்று நாக்கை நீட்டினேன்.

“உள்ளுக்கு இழடா நாக்கை! அண்ணையைத் தெரியேல்லையோ?”

ஏழு வருடம் காணாத முகம். அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். அந்த வழக்கறிஞர் அதிகாரிகளோடு பேசி முடித்தபோது, விமானம் நான் இல்லாமலே போயிருந்தது.

பெரிய கவுண்டி பிறகு அவரைக் கூப்பிடவில்லை. சின்னக் கவுண்டிக்கே நாற்பது வயதுவரை ஆடினார். நான் கனடா வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் குடியேறி, உங்கள் அம்மாவைக் கைப்பிடித்தேன். ஓய்வு பெற்றதும் பெரியப்பாவும் பெரியம்மாவும், நாம் பிறகு மாறிவந்த டோர்செட் பார்க்கில் நம் பக்கத்துக் கட்டடத்துக்கே வந்தார்கள். “கணக்கு போரிங், பெரியப்பா” என்று நீங்கள் சிணுங்கினால், “போரிங்காத்தான் இருக்கும். சரியோ பிழையோ எண்டு பார்” என்பாரே!

அவரைக் கடைசிவரை பராமரித்த தாதியருக்கும், சமைத்துக் கொண்டுவந்து தந்த அயலவருக்கும், பிக்கரிங்கிலிருந்து ஓடோடி வந்த உறவுகளுக்கும், தள்ளாத வயதிலும் இங்கிலாந்திலிருந்து வந்து சவப்பெட்டியைத் தொட்டுக்கொண்டு நின்ற அந்த விக்கெட் காப்பாளருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பெரியப்பாவுக்கு நான் நன்றி சொல்லப் பார்த்தது ஆசுப்பத்திரியில், அவருக்குச் சவரம் செய்துவிட்ட ஒரு காலையில்.

“அண்ணை, அண்டைக்கு நிண்டு விளையாடியிருந்தால் உங்களை எடுத்திருப்பாங்களோ?”

“எடுத்திருப்பாங்கள்.”

“ஒருவேளை அடுத்த பந்திலையே அவுட்டாகியிருந்தால்?”

“ஆகியிருக்கமாட்டன்.”

என்னை ஆறுதல்படுத்தவாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“தெரிஞ்சும் விட்டிட்டு வந்தனீங்களே, அண்ணை.”

“பின்னை? நான் வராட்டி ஆரடா வாறது?”

— உங்கள் அப்பா