யானை நாளைக்கு எழுந்துவிடும் என்று சொன்னேன்

தண்ணீர் தெளித்த மணல் வாசனை, அதற்கு மேல் பட மிஷின் விளக்கின் கார்பன் புகை, அதற்கும் மேல் கருவாடு... ராயபுரம் கூடாரக் கொட்டகையை இன்றைக்கும் என் மூக்குதான் முதலில் கண்டுபிடிக்கிறது.

ஊமைப்படக் காலம் அது. திரையில் நடுநடுவே இங்கிலீஷ் எழுத்து வரும். பக்கத்தில் ஒரு ஆள் நின்று அதைப் படித்து, தமிழில் உரக்கச் சொல்ல வேண்டும். அந்த ஆள் நான்தான். இருபத்தொரு வயது, மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ், ஹார்பர் சங்கு மாதிரி ஒரு தொண்டை. பிழைப்பு ஓடியது.

கொட்டகை நிறைய ஜனம் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். படம் விட்டதும் என்னோடு பேச ஒரு ஆள் இருக்காது. கல்மண்டபம் பக்கத்தில் ஒற்றை அறை. நானே சமைத்து, நானே சாப்பிட்டு...

முந்தின வருஷம்தான் என் அண்ணன்மார் இரண்டு பேரும் குடும்பத்தோடு ரங்கூனுக்குக் கப்பலேறியிருந்தார்கள். அன்றைக்கு எனக்கு அம்மை போட்டிருந்தது. "அடுத்த கப்பல்ல வந்துட்றா" என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார் பெரியண்ணன். நான் எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு கடிதம் வந்தது. இங்கே வேலை இல்லை, அங்கேயே இரு. அவ்வளவுதான் கடிதம்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் படம் வந்தது. ஆப்பிரிக்கக் காட்டு மிருகங்களை வெள்ளைக்காரர்கள் நேரிலேயே போய் எடுத்த படம். ராஜா இல்லை, ராணி இல்லை, கத்திச் சண்டை இல்லை. ஜனம் எழுந்து போய்விடும் என்று முதலாளி பயந்தார்.

யார் போனார்கள்! நீர்யானை வாயைத் திறந்ததும், "இன்னாபா, எருமைக்கு இம்மாம் பெரிய வாயி!" என்று ஒரு குரல். ஒட்டகச்சிவிங்கி வந்ததும், "தோ பார்றா, நம்ம ஹார்பர் கிரேன் நடந்து வருது!" சிங்கம் நேராக வந்தபோது தரை டிக்கெட் மொத்தமும் மணலோடு நாலு முழம் பின்னால் நகர்ந்தது.

கடைசியில் யானைக் கூட்டம். காலில் அடிபட்ட ஒரு யானை பின்தங்கிவிட்டது. மற்றவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. அது மெதுவாகப் படுத்தது. எழுத்து வந்தது: 'அது மறுபடி எழவில்லை.'

அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜனம் காத்திருக்கிறது. என்ன நினைத்தேனோ, "களைச்சுப் போச்சு, படுத்துகினு கீது! நாளைக்கு எழுந்து கூட்டத்தோட போய்ச் சேந்துக்கும்!" என்று கத்திவிட்டேன். கொட்டகையே விசிலடித்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

இதில் ஒரு வம்பு. எங்கள் கொட்டகையில் தொடர்படம்தான் அதிகம் ஓடும். கதாநாயகி மலையுச்சியில் தொங்குவாள், "மிச்சம் நாளைக்கு!" என்பேன், மறுநாள் ஜனம் வந்துவிடும். நான் 'நாளைக்கு' என்றதை இதற்கும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொரு வம்பு நாற்காலி வகுப்பில் உட்கார்ந்திருந்தது. பத்திரிகை விமரிசகர். மறுநாள் காலை முதலாளி இங்கிலீஷ் பேப்பரை என்னிடமே நீட்டி, "இன்னா எழுதிகிறான், படி" என்றார். படம் அபாரம் என்று ஒரு பத்தி. அதை விளக்கிய இளைஞன் வாய்க்கு வந்ததை உளறினான், செத்த யானையைப் பிழைக்கவைத்தான் என்று இன்னொரு பத்தி. என் மானத்தை நானே கப்பலேற்றினேன், ஒரு வரி விடாமல்.

"எழுத்துல கீறதை மட்டும் சொல்லு. இல்லாங்காட்டி நாளைலேர்ந்து வராத" என்றார் முதலாளி.

சாயங்காலம் போனால் மீனவர் தெருவே வந்து உட்கார்ந்திருக்கிறது. மீன் விற்கிற தெரசாக்கா பெண்கள் பக்கத்துத் திரைச்சீலையை விலக்கி, "இன்னா நைனா, யானை எழுந்துச்சா?" என்றாள்.

நான் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். வேலை போனால் எனக்குப் போக்கிடம் கிடையாது. அதே படம் ஓடியது, அதே யானை படுத்தது, அதே எழுத்து வந்தது.

"அது எழுந்திருக்கல. செத்துப் போச்சு. நேத்து நான் சொன்னது பொய்" என்றேன்.

"டேய், ஏமாத்திட்டியேடா!" என்று தரையிலிருந்து ஒருவன் எழுந்தான். தெரசாக்கா, "குந்துடா கம்முனு!" என்று அதட்டி உட்காரவைத்தாள். பிறகு என்னிடம், "ஏன் நைனா, அதோட ஒண்ணுகூடவா நிக்கல?" என்றாள்.

"இல்லக்கா. எல்லாம் போய்டுச்சு."

மிஷின் சுற்றுகிற சத்தம் மட்டும்.

"போனா போவுது. நாங்க இத்தினி பேரு பாத்துகினுதான கீறோம். நீ மேல படி" என்றாள் தெரசாக்கா.

மேலே படிக்க என்னால் முடியவில்லை. அழுதுவிட்டேன். அப்புறம் திரையில் இரண்டு தடவை எழுத்து வந்து போயிற்று. 'அர்த்தம் சொல்லுடா' என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. விமரிசகர் அன்றைக்கு வரவில்லை.

வேலை போகவில்லை. நாலைந்து வருஷத்தில் பேசும்படம் வந்து அதைத் தின்றது. ஹார்பரில் குமாஸ்தா ஆனேன், காலம் போய்விட்டது.

போன வாரம் மவுண்ட்ரோடில் ஒரு ஏ.சி. தியேட்டரில் காட்டு மிருகங்கள் படம் பார்த்தேன். சுவர் அகலத் திரை, கலர். ஒரு வெள்ளைக்காரக் குரல் இங்கிலீஷில் பிசகில்லாமல் எல்லாவற்றையும் சொல்கிறது. ஜனம் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு மான்குட்டி தாயைத் தவறவிட்டது. குரல் சொன்னதை, என்னை அறியாமல், நான் தமிழில் சொல்லிவிட்டேன். கொஞ்சம் உரக்கவே.

முன்சீட்டுப் பையன் திரும்பி, "பெரியவரே, எங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்" என்றான்.

மரியாதையாகத்தான் சொன்னான். அதற்கப்புறம் அந்தப் படத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.