வேட்டியே இஹ்ராம் ஆனது

நானும் கணவரும் ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து முதன்முறையாக மக்காவுக்கு உம்ரா என்னும் புனிதப் பயணம் கிளம்பினோம். விமான நிலையத்தில் சோதனை முடிந்ததும் அவர் பதறிப்போனார்.

"இஹ்ராம் துணி பெரிய பெட்டியோட போயிருச்சு!"

தையலில்லாத அந்த இரண்டு வெள்ளைத் துணிகளை ஜித்தாவில் இறங்குவதற்கு முன்பே ஆண்கள் உடுத்தியாக வேண்டும்.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. "என்னங்க, ஜித்தாவுல இருக்கிற தம்பிக்கு வாங்கின எட்டு முழ வேட்டி கைப்பையில இருக்கே!"

ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். 'சர்'ரென்று இரண்டாகக் கிழிந்தது. பக்கத்திலிருந்த ஹைதராபாத் பெண்மணி, "மாஷா அல்லாஹ்!" என்று கைதட்டினார்.

ஒன்றை இடுப்பில் கட்டி, மற்றதைத் தோளில் போர்த்திக்கொண்டு நடுவானில் அவர் "லப்பைக்", அதாவது 'இதோ வந்துவிட்டேன் இறைவா' என்று சொன்னபோது எனக்குச் சிலிர்த்தது. கஅபாவையும் அந்த வேட்டியோடுதான் சுற்றிவந்தார்!

இப்போதெல்லாம் உம்ரா போகிறவர்களை வழியனுப்பப் போனால், அவர்களின் கைப்பையைத் திறந்து இஹ்ராம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஸலாம் சொல்கிறேன்.