வெல்லப்பாகு வாசனையும் என் டயட் சார்ட்டும்

டயட்டீஷியன் வேலையில் பெரிய கஷ்டம் என்னவென்றால், நாம் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எதிரில் இருப்பவருக்குச் சாப்பாட்டைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும். ஊசி போடும் நர்ஸிடம் யாரும் வாதாடுவதில்லை. என்னிடம் மட்டும், "அம்பது வருசமா துன்னுக்கினுதானே இருக்கோம்" என்று ஆரம்பிப்பார்கள்.

சித்தூரில் ஒரு கிளினிக், திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரி. சில நாட்களில் காலை இங்கே, சாயங்காலம் அங்கே. நாற்காலியில் முழுசாக உட்கார்ந்த ஞாபகம் இல்லை. ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முந்தின ஆளுக்குச் சரியாகச் சொன்னோமா என்று மனசு அரிக்கும். மனிதர்களோடு மல்லுக்கட்டுகிற வேலை எதுவானாலும் சரி, அதில் இருக்கும் நீங்களும் என் கட்சிதான். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

ஒன்பது பேர்

சித்தூரில் எங்கள் பழைய மிஷன் சபையின் மாதர் சங்கத்தில் சத்துணவு பற்றிப் பேசச் சொன்னார்கள். நானும் நோட்டெல்லாம் தயார் பண்ணிக்கொண்டு போனேன். நாம் சாப்பிடும் புரதம் வயிற்றில் உடைந்து அமினோ அமிலங்களாகிறது. அவற்றில் இருபது வகை. அவற்றை வைத்துத்தான் உடம்பு தசை, தோல், ரத்தம், ஹார்மோன் என்று எல்லாம் கட்டுகிறது. அதில் ஒன்பதை உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வரவேண்டும் என்றெல்லாம் விளக்கினேன். அரிசியில் லைசின் குறைச்சல், பருப்பில் மெதியோனின் குறைச்சல், சோற்றில் பருப்பு ஊற்றிப் பிசைந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும் என்றேன். முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. பின்வரிசையில் பிரியாணி வாசனை வந்து, எல்லாரும் அந்தப் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில், "இந்த ஒன்பதும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் முட்டை சாப்பிடுங்கள்" என்று முடித்தேன். நன்றி சொல்ல எழுந்த போதகரம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஒம்பது பேரும் முட்டைக்குள்ளதான் கீறாங்கன்னு மொதல்லயே சொல்லியிருந்தா, பிரியாணி சூடா துன்னுருக்கலாமேம்மா!"

அமெரிக்கா டப்பா

திருப்பதியில் ரிட்டயர்டு சூப்பரின்டென்டென்ட் ஒருவர். சிறுநீரகம் பாதிக்குமேல் பழுது. இன்னும் டயாலிசிஸ் வரை போகவில்லை. போகவிடக் கூடாது என்பதுதான் டாக்டரின் கவலை. அமினோ அமிலத்தில் நைட்ரஜன் இருக்கிறது. மிஞ்சியதை உடம்பு யூரியாவாக மாற்றிச் சிறுநீரகத்திடம் தள்ளிவிடும். சிறுநீரகத்தால் வடிகட்ட முடியாவிட்டால் யூரியா ரத்தத்திலேயே தங்கும். அதனால் அவருக்குப் புரதத்தை அளந்துதான் எழுதிக்கொடுத்திருந்தேன். ஆனால் ஒவ்வொரு சோதனையிலும் யூரியா ஏறிக்கொண்டே போனது. எனக்கு என் கணக்கின்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. சார்ட்டை மூன்று தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.

நான்காம் தடவை அவர் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அமெரிக்காவிலிருந்து மாப்பிள்ளை 'மாமா இளைத்துவிட்டார்' என்று புரோட்டீன் பவுடர் அனுப்பியிருக்கிறார்; தினம் காலையும் மாலையும் ராகிக் கஞ்சியில் இரண்டிரண்டு கரண்டி. கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தச் சொன்னேன். அடுத்த மாதம் யூரியா இறங்கியிருந்தது. தெலுங்கு கலந்து பேசும் அந்தம்மா, மகளிடம் சொல்வதுபோல என் காதோடு காதாகச் சொன்னார்: "மாப்பிள்ள வீடியோ கால்ல டப்பாவக் காட்டச் சொல்வாரு, அதனால அதுல இட்லி ரவை கொட்டி வெச்சிருக்கேன், நீ யாருகிட்டயும் சொல்லிடாத தல்லி!"

தூக்கம் வராத சாப்பாடு

மாம்பழ சீசனில் ஒரு டெம்போ டிரைவர் வந்தார். பெயர் தேவராஜுலு. வண்டி ஓட்டும்போது தூக்கம் வருகிறதாம். டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம்தான் தூக்கத்தைக் கொடுக்கிறது என்று செல்போனில் யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு, பால், தயிர், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார். பத்து நாளாக வெறும் ரசம் சோறு. கண் குழிவிழுந்து, கை நடுங்கிக்கொண்டிருந்தது. "இன்னும் எதுலல்லாம் கீதுன்னு எழுதிக் குடுங்க மேடம், எல்லாத்தயும் உட்டுடறேன்" என்றார்.

எனக்குப் பதறிவிட்டது. இந்த நிலையில் இந்த மனுஷன் சென்னைக்கு லோடு ஏற்றிக்கொண்டு போகிறாரே! டிரிப்டோபேனிலிருந்துதான் உடம்பு மனசைச் சமநிலையில் வைக்கும் ரசாயனத்தைச் செய்கிறது, தூக்க ஹார்மோனும் அதிலிருந்துதான். அதை நிறுத்தினால் தூக்கம் நிற்காது, உடம்புதான் போகும். உங்களுக்குத் தேவை படுக்கை என்று விளக்கினேன். நிமிர்ந்து பார்த்தால் நாற்காலியிலேயே தலை தொங்கிவிட்டது. எழுப்ப வந்த நர்ஸைத் தடுத்து, அவர் கையிலிருந்த வண்டிச் சாவியை மேஜைமேல் எடுத்து வைத்துவிட்டு, அடுத்த நோயாளியை நின்றபடியே பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கண் விழித்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "டிரிப்டோபேன் பால்ல இல்ல மேடம், உங்க பேச்சுலதான் கீது!"

பாகு முத்தின வாசனை

இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. சித்தூர் கிளினிக்குக்குக் கௌரி என்ற பெண் வந்தாள். ஊர் குடிபாலா பக்கம். ஆபரேஷனில் குழந்தை பிறந்து ஆறு நாள். தையல் காட்ட வந்தவளைப் பால் சுரக்கச் சாப்பாடு எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லி என்னிடம் அனுப்பியிருந்தார்கள். புருஷன் முனிரத்தினம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெல்லம் காய்ச்சும் குடும்பம். "பாப்பா சரியாவே குடிக்க மாட்டேங்குது மேடம், தூங்கிக்கினே கீது" என்றாள். பிறகு வெட்கத்தோடு, "துணியில பாகு முத்திப்போன வாசனை அடிக்குது. நான் வெல்லக் கொட்டாய்லயே இருக்கறதால எனக்கு அப்படித் தோணுதோ என்னமோ" என்றாள். நான் சிரித்தேன். பூண்டு, முருங்கைக்கீரை, சுறாப்புட்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திருப்பதி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

பூதலப்பட்டு தாண்டும்போது, காலேஜில் படித்த ஒரே ஒரு வரி ஞாபகம் வந்தது. சிறுநீரில் தீய்ந்த சர்க்கரை வாசனை. லூசின், ஐசோலூசின், வாலின் என்ற மூன்று அமினோ அமிலங்களை உடைக்க முடியாத பிறவிக் குறை. தாய்ப்பாலில் இருப்பதே சேர்ந்து சேர்ந்து மூளையைத் தாக்கும்; குழந்தை குடிக்காது, தூங்கிக்கொண்டே போய்விடும். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி வெயிலில் இறங்கினேன். கிளினிக்குக்குப் போன் பண்ணி அவர்கள் நம்பர் வாங்கி அடித்தேன். எடுக்கவில்லை. ரோட்டோரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே ஐந்து தடவை அடித்தேன். ஆறாவது தடவை முனிரத்தினம் எடுத்தான். ஆட்டோவில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். உடனே திருப்பிக் குழந்தை டாக்டரிடம் கொண்டுபோகச் சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்தது: "மூத்திர நாத்தத்துக்குலாம் யாராச்சும் ஆட்டோவத் திருப்புவாங்களா மேடம்?"

கத்துறா, கேளுங்க

திருப்பினார்கள். கௌரிதான் போனைப் பிடுங்கி, "திருப்பு மாமா" என்று சொன்னது எனக்குக் கேட்டது. நானும் எதிர்ப்பக்க பஸ்ஸில் ஏறி, சித்தூர் வரை நின்றுகொண்டே வந்தேன். குழந்தை டாக்டர் பார்த்தார்; துணியை மோந்தார்; உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, மாநில எல்லை தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். ரத்தச் சோதனையில் அதேதான். தாய்ப்பாலை நிறுத்தி, சர்க்கரைத் தண்ணி ஏற்றி, அந்த மூன்று அமிலங்கள் இல்லாத தனிப்பால் பவுடரைக் குழாய் வழியாகக் கொடுத்தார்கள். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்கிற குடும்பங்களில் இந்தக் குறை வர வாய்ப்பு அதிகம் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். முனிரத்தினம் அவளுக்குத் தாய்மாமன். "நாங்க கட்டிக்கினதுதான் தப்பா மேடம்?" என்று போனில் அழுதாள். தப்பு என்று சொல்லாதே, அடுத்த குழந்தைக்கு முன்னால் சோதனை செய்துகொள் என்றேன். பூண்டும் கீரையும் எழுதிக் கொடுத்து அனுப்பியவள் நான். தப்பைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை?

ஐந்து நாள் நான் திருப்பதியில் யாருக்கு என்ன எழுதினேன் என்று எனக்கே தெரியாது. ஆறாவது நாள் ஓ.பி. நடுவில் போன் வந்தது. முதலில் ஒரு வீறல், பிறகு கௌரியின் குரல்: "கத்துறா மேடம், பாலு கேட்டுக் கத்துறா, கேளுங்க!"

மூன்றும் வேண்டும், மூன்றும் கூடாது

குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயது. பெயர் நந்தினி. நடக்கிறாள். அவளுக்குச் சார்ட் போடுவது போலப் பயமான வேலை வேறில்லை. அந்த மூன்றும், உடம்பால் செய்துகொள்ள முடியாத அந்த ஒன்பதில் சேர்ந்தவை. அடியோடு நிறுத்தினால் வளரமாட்டாள், கொஞ்சம் மிஞ்சினால் மூளைக்கு ஆபத்து. சோறுகூடத் தராசில்தான். காய்ச்சல் வந்தால் இன்னும் மோசம்; உடம்பு தன் தசையையே கரைத்து அந்த மூன்றையும் ரத்தத்தில் விடும். அதனால் லேசாக உடம்பு சுட்டாலும் கௌரி எனக்குப் போன் செய்வாள். போன் வராத நாளில் நான் செய்வேன்.

போன மாதம் ஒரு நாள், வழக்கமாக எடுக்கும் ரத்தச் சோதனை ரிப்போர்ட் வருவதற்கு முன்பே குழந்தையை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். லூசின் ஏற ஆரம்பித்திருந்தது. நேரத்தில் பிடித்ததால் இரண்டு நாளில் வீடு திரும்பினார்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "தெனம் காலையில துணிய மோந்து பாக்கறேன் மேடம், உங்க மெஷின் சொல்றதுக்கு முன்னாடி எம்மூக்கு சொல்லிடும்."

இருபது அமினோ அமிலங்களின் பெயரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கும் எனக்கு, மத்தியானச் சாப்பாடு மட்டும் இன்றைக்கும் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே முடிக்கிற ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும்தான்.